நெஞ்சில் ஓர் கொழுப்பு!

தமிழில் கொழுப்புக்கு நல்ல பெயரே கிடையாது. எதிர்த்துப் பேசினால் வாய்க்கொழுப்பு. சம்பள உயர்வு கேட்டால், 'கொழுப்புய்யா உனக்கு!' பஸ்ஸில் உள்ளே இடமிருந்தும் படியில் தொங்கினால் கண்டக்டர் கேட்பார்: 'என்ன தம்பி, உடம்புல கொழுப்பு ஏறிப்போச்சா?' முப்பதைத் தாண்டினதும் இந்த வசனத்தை கண்டக்டரிடமிருந்து டாக்டர் வாங்கிக்கொள்கிறார். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கிறார். ஃபீஸ் தனி.

நான் சொல்ல வந்தது அந்தக் கொழுப்பு இல்லை. இந்த வரியை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் நெஞ்சுக்குள் ஒரு கொழுப்பு மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஸ்டிரைக் பண்ணினால் நீங்கள் அடுத்த பாராவுக்கு வரமாட்டீர்கள். பெயர், கார்டியோலிபின். 'கார்டியோ' என்றால் இதயம். 'லிபின்' கொழுப்பு வகையறா. ஆக, பேரே இதயக் கொழுப்பு.

'நீ பி.காம். தானேப்பா... டெபிட், கிரெடிட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒரு மெடிக்கல் எடுக்கச் சொல்கிறார்கள். துபாய், குவைத் போக ஒரு மெடிக்கல். கல்யாணமாகி மனைவி உண்டானதும் முதல் செக்கப்பில் கைநிறைய ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட்டில் சர்க்கரை, ஹீமோகுளோபினுக்கு நடுவே 'வி.டி.ஆர்.எல்.' என்று நாலெழுத்து இருக்கும். அந்தப் பரிசோதனையின் உயிர்நாடியே இந்தக் கொழுப்புதான். அந்த நாலெழுத்து சில வீடுகளில் பூகம்பம் கிளப்பியிருக்கிறது. சில வீடுகளில் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. சமயத்தில் இரண்டும் ஒரே வீட்டில்!

*

முதலில் கொஞ்சம் பயாலஜி. கொட்டாவி விடாமல் கேளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வைக் கட்டிய செங்கல்லுக்கு பாஸ்ஃபோலிப்பிட் என்று பெயர். ஒரு தலை, இரண்டு கால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். கால்களுக்குத் தண்ணீர் ஆகாது. குளத்தில் கிடக்கும் எருமை உடம்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும் இல்லையா... இது அதற்கு நேர் தலைகீழ். தலைகள் தண்ணீர்ப் பக்கம், கால்கள் உள்பக்கம் என்று இரண்டு வரிசையாகக் காலோடு கால் சேர்த்துப் படுத்துவிடும். அவ்வளவுதான் சவ்வு.

நம்ம கார்டியோலிபின் இந்தக் குடும்பத்தில் ஒரு கூட்டுக் குடும்பம். இரண்டு பாஸ்ஃபோலிப்பிட்டை நடுவில் ஒரு கிளிசரால் துண்டு போட்டு ஒட்டினால் எப்படியிருக்கும்? சேர்ந்த தலை, நாலு கால்! தலை சிறுத்து, கீழே பாவாடை மாதிரி விரிந்திருக்கும். இப்படி விரிந்த ஆசாமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் சவ்வு நேராக நிற்காது, வளையும். வளைய வேண்டிய இடத்தில்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

எந்த இடம்? மைட்டோகாண்ட்ரியா. எட்டாம் வகுப்பில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதி ஒரு மார்க் வாங்கினோமே, அதேதான். அதற்கு இரண்டு சவ்வு. உள் சவ்வு மடிப்பு மடிப்பாக, அயர்ன் பண்ணாத வேட்டி மாதிரி இருக்கும். அந்த உள் சவ்வின் கொழுப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கார்டியோலிபின். மனித உடம்பில் இது ஏறக்குறைய வேறெங்குமே கிடையாது.

அங்கே என்ன செய்கிறது? மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தண்ணீரைத் தேக்கி, டர்பைன் வழியாக விட்டால் மின்சாரம். மைட்டோகாண்ட்ரியாவில் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்குகிறார்கள். அவை பாய்ந்து வரும்போது சவ்வில் பதித்த குட்டி டர்பைன்கள் நிஜமாகவே சுற்றுகின்றன. கிடைப்பது ஏ.டி.பி. என்ற எரிபொருள். ஒரு நாளைக்கு உங்கள் உடம்பு தயாரித்துச் செலவழிக்கிற ஏ.டி.பி.யை எடை போட்டால் கிட்டத்தட்ட உங்கள் எடையே வரும். உண்டாக்கி, உடனே செலவழித்து, மறுபடி உண்டாக்கி... மாசக் கடைசியில் நம்ம சேவிங்ஸ் அக்கவுன்ட் மாதிரி. டர்ன்ஓவர் பிரமாதம், பாலன்ஸ் ஒன்றுமில்லை.

அந்த டர்பைன்களை மடிப்பு விளிம்பில் வரிசையாக நிற்க வைப்பதும், அயனிகளைத் தள்ளும் புரத மெஷின்களைக் கூட்டாகப் பிடித்து வைப்பதும் கார்டியோலிபின்தான். அணைக்கு சிமென்ட், மெஷினுக்கு கிரீஸ் இரண்டும் அதுவே.

இதயம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. கேஷுவல் லீவ் கிடையாது, தீபாவளி கிடையாது. அதனால் இதயத்தின் தசைச் செல்லில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. கார்டியோலிபினை முதலில் இதயத்தில் கண்டுபிடித்ததில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம், அவர்கள் அதை எதற்காகத் தேடினார்கள் என்பதில் இருக்கிறது.

*

1905. பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இரண்டு பேர் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சிஃபிலிஸ் என்றால்... நம்மூர் நாட்டு வைத்தியர்கள் 'மேகநோய்' என்று கவிதையாகப் பெயர் வைத்து, ரயில்வே கேட் சுவரில் விளம்பரம் எழுதுவார்களே, அந்தக் குடும்பம். பென்சிலின் வராத காலம். அரசர், ஆண்டி வித்தியாசம் பார்க்காமல் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த வியாதி.

அடுத்த வருடமே, 1906-ல், வாஸர்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தார். சிஃபிலிஸால் இறந்து பிறந்த சிசுவின் ஈரலிலிருந்து சாறு எடுத்தார். அதில் கிருமி இருக்கும். நோயாளி ரத்தத்தில் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். இரண்டையும் கலந்தால் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு. பிடித்துக்கொண்டது. உலகமே கை தட்டியது.

1907-ல் வேடிக்கை ஆரம்பம். ரத்தத்தில் ஏ, பி, ஓ குரூப்புகளைக் கண்டுபிடித்தாரே லாண்ட்ஸ்டைனர், அவரும் வேறு சிலரும் நோயே இல்லாத உறுப்பின் சாற்றை ஊற்றிப் பார்த்தார்கள். அப்போதும் பிடித்துக்கொண்டது! கிருமி இருக்கிற ஈரலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்... சாதாரண இதயத்தை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறே போதும். கடைசியில் ஊரெல்லாம் மாட்டு இதயத்தில் வந்து நின்றார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு இது புரியும். 'காம்பென்சேட்டிங் எரர்' என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஒரு தப்பு, அந்தப் பக்கம் அதே அளவுக்கு இன்னொரு தப்பு. டிரையல் பாலன்ஸ் ஜம்மென்று டேலி ஆகிவிடும். வாஸர்மன் பரிசோதனை அப்படித்தான் டேலி ஆனது. அது பிடித்தது கிருமியை அல்ல. மாட்டு இதயத்திலும், மனித செல்லிலும், கிருமியின் சவ்விலும் பொதுவாக இருந்த ஏதோ ஒன்றை.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய இன்னும் 34 வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு லேபும் தன் பக்குவத்துக்கு மாட்டு இதயச் சாறு தயாரித்துக்கொண்டிருந்தது. அத்தைக்கு ஒரு சாம்பார்ப்பொடி, சித்திக்கு ஒரு சாம்பார்ப்பொடி என்கிற மாதிரி, லேபுக்கு லேப் ரிசல்ட் மாறும். அமெரிக்காவில் ஆல்பனி நகரத்தில், நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் பரிசோதனைக் கூடத்தில் மேரி பாங்பார்ன் என்கிற பெண்மணி இந்தச் சாற்றைப் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துக்கொண்டே போனார். 1941-ல் அந்தப் பொருளைத் தனியாக எடுத்து கார்டியோலிபின் என்று பெயரிட்டார். 1946-ல் வி.டி.ஆர்.எல். பரிசோதனை வந்தது. அமெரிக்க அரசின் 'வெனிரியல் டிசீஸ் ரிசர்ச் லாபரட்டரி'யின் முதலெழுத்துகள்தான் அந்த நாலெழுத்து. ரெசிபி வேண்டுமா? கார்டியோலிபின் 0.03 சதவீதம், லெசித்தின் 0.21, கொலஸ்ட்ரால் 0.9. அவ்வளவுதான். கிருமி ஒரு துளிகூடக் கிடையாது.

இதை இரண்டு தடவை படியுங்கள். சிஃபிலிஸைத் தேடும் பரிசோதனையில் சிஃபிலிஸ் கிருமியே கிடையாது. உங்கள் ரத்தத்தில் இதயக் கொழுப்புக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. சிஃபிலிஸ் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் இருக்கும். அது இருக்கிறவர்களுக்கெல்லாம் சிஃபிலிஸ் என்று அர்த்தம் இல்லை. எல்லா மேனேஜரும் டை கட்டுவார். டை கட்டினவரெல்லாம் மேனேஜர் ஆகிவிட முடியுமா?

*

இந்த டை விவகாரம் விளையாட்டு இல்லை. 1935-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், கல்யாணத்துக்கு முன்னால் ஆண், பெண் இருவரும் சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. அடுத்தடுத்து மற்ற மாநிலங்களும் போட்டன. (பின்னாளில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள்.) திடீரென்று லட்சக்கணக்கான ஆரோக்கியமான ஆட்களின் ரத்தம் லேபுக்கு வந்தது. ஒரு தப்பும் செய்யாதவர்களுக்கும் 'பாசிட்டிவ்' வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து பந்தக்கால் நடப்போகிற நேரத்தில் அந்தச் சீட்டு கையில் வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1949-ல் கிருமியையே நேரடியாக வைத்துச் செய்யும் பரிசோதனை வந்த பிறகுதான் அவர்களில் பலர் நிரபராதி என்று ருசுவானது. மலேரியா, தொழுநோய், கர்ப்பம், முதுமை... இதில் எது இருந்தாலும் வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். மலேரியா போன பிறகு இதுவும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சிலருக்கு வருடக்கணக்கில் போகவே போகாது. கணக்கில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு வைப்போமே, டாக்டர்கள் இவர்களை அப்படிப் போட்டு வைத்தார்கள்.

1952. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே மூர், மோர் என்ற இரண்டு டாக்டர்கள் (எதுகை மோனையோடு அமைந்த ஜோடி) சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஆட்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் கணிசமானவர்களுக்குப் பிற்பாடு லூபஸ் மாதிரி நோய்கள் வந்தன. லூபஸ் என்பது உடம்பின் போலீஸ் உடம்பையே கைது செய்யும் நோய். அதே வருடம், அதே இடத்தில் கான்லி, ஹார்ட்மன் என்ற இன்னொரு ஜோடி, லூபஸ் நோயாளிகள் சிலரின் ரத்தம் சோதனைக் குழாயில் சீக்கிரம் உறைவதில்லை என்று கண்டார்கள்.

குழாயில் உறையாத ரத்தம் என்றால் அவர்களுக்கு ரத்தம் கொட்ட வேண்டும் இல்லையா? நேர் எதிராக, உடம்புக்குள் அவர்களுக்கு ரத்தம் கண்ட இடத்தில் உறைந்தது. காலில், நுரையீரலில், மூளையில். காரணம் பின்னால் புரிந்தது. ரத்தம் உறைவதைச் சோதிக்கும் லேப் திரவத்தில் பாஸ்ஃபோலிப்பிட் உண்டு. இவர்கள் ரத்தத்திலிருக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்துவைத்துக்கொண்டு சோதனையை ஏமாற்றிவிடும். உடம்புக்குள்ளோ ரத்தக்குழாயின் உள்சுவரையும் பிளேட்லெட்டுகளையும் சீண்டிவிட்டுக் கட்டி உண்டாக்கும். வெளியே பரம சாது, வீட்டுக்குள் ரகளை. நமக்குத் தெரிந்த நாலைந்து பேர் இப்படி உண்டு.

1983-ல் லண்டனில் கிரஹாம் ஹ்யூஸ் என்ற டாக்டரின் குழு எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்தது. கார்டியோலிபினுக்கு எதிரான ஆன்டிபாடியை நுட்பமாக அளக்கும் பரிசோதனையை உருவாக்கினார்கள். இளம் வயதில் பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி, அடுத்தடுத்து கருச்சிதைவு... மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்றார்கள். அதற்கு இன்றைய பெயர் ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம். 1990-ல் இன்னொரு திருப்பம்: அந்த ஆன்டிபாடி முக்கியமாகக் குறி வைப்பது கொழுப்பை அல்ல, கொழுப்பின் மேல் வந்து உட்காரும் ஒரு ரத்தப் புரதத்தை. ஆக, கார்டியோலிபின் குற்றவாளி இல்லை. சம்பவ இடத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

*

இது யாரோ வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்காக, என் சிநேகிதர் ஒருவர் கதை. பேர், ஊர் வேண்டாம். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். சிகரெட் கிடையாது. வெற்றிலைகூட கல்யாண வீட்டில்தான்.

கல்யாணமாகி நாலு வருடத்தில் மனைவிக்கு இரண்டு கரு கலைந்தது. 'ராசி சரியில்லே' என்றார் மாமியார். நாக தோஷத்துக்குப் பரிகாரம் நடந்தது. மூன்றாவது முறை உண்டானபோது முதல் செக்கப்பில் ரிப்போர்ட் வந்தது: வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ்.

வராந்தாவில் அத்தனை கர்ப்பிணிகள், அவர்களுடைய அம்மாக்கள் நடுவில் ஊழியர் ஒருவர் உரக்கக் கூப்பிட்டார்: 'யாரும்மா அது... உன் புருஷனையும் கூட்டிட்டு வரணும், அவருக்கும் டெஸ்ட் இருக்கு. இது ஆம்பளைங்ககிட்டேர்ந்து வர்ற வியாதி!'

அன்றைக்கு ராத்திரி மனைவி கேட்டாராம், 'ஏங்க... நான் கோபப்பட மாட்டேன். உண்மையை மட்டும் சொல்லிடுங்க.' சிநேகிதர் என்னிடம் சொன்னது: 'சத்தியம் பண்றதுக்குக் கையை நீட்டினேன். அவ கையைக் கொடுக்கலே.'

டி.பி.ஹெச்.ஏ. என்று இரண்டாவது பரிசோதனை இருக்கிறது. அது கிருமியையே குறிவைத்துப் பார்ப்பது. இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நெகட்டிவ். 'ஒண்ணுமில்லே, போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. பத்தாவது வாரத்தை எட்டுவதற்குள் அந்தக் கருவும் கலைந்தது.

அப்புறம் போனது வயதான ஒரு லேடி டாக்டரிடம். பழைய ஃபைல் மொத்தத்தையும் மேஜையில் பரப்பி நிதானமாகப் படித்தாராம். 'ஏம்மா, வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ், டி.பி.ஹெச்.ஏ. நெகட்டிவ், வரிசையா மூணு அபார்ஷன்... இதையெல்லாம் ஒரே பேப்பர்ல எழுதி யாரும் பாக்கலியா?' பேங்க் பாஸ்புக்கையும் கேஷ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற வேலை. நாங்கள் 'ரிகன்சிலியேஷன்' என்போம். அந்த அம்மாள் அதைத்தான் செய்தார்.

கார்டியோலிபின் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தார்கள். அதிகம். காய்ச்சல், கிருமித் தொற்றுக்குப் பிறகு தற்காலிகமாகவும் இது ஏறும் என்பதால், குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தார்கள். அப்போதும் அதிகம். பேர் தெரிந்துவிட்டது. ராசியும் இல்லை, தோஷமும் இல்லை.

வைத்தியம் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சின்ன டோஸில் ஆஸ்பிரின், கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது என்பது சௌகரியம். 1997-ல் லண்டனில் இப்படிப்பட்ட 90 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்துக்கொண்ட 45 பேரில் 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் போட்டுக்கொண்ட 45 பேரில் 32 பேருக்கு. அந்த வித்தியாசம், 13, ஒரு கணக்குப்பிள்ளைக்கு வெறும் நம்பர். பதின்மூன்று தொட்டில் என்று படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

சிநேகிதர் மனைவி நாலாவது முறை, மாசக்கணக்கில் தினமும் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டார். பெண் குழந்தை. இப்போது எல்.கே.ஜி. நிரம்ப வாய்க்கொழுப்பு.

*

இதுவரை பார்த்தது கார்டியோலிபினுக்கு எதிரி இருந்தால் என்ன ஆகும் என்பது. கார்டியோலிபினே சரியாக உருவாகாவிட்டால்?

1983-ம் வருடமே (ரொம்ப ராசியான வருடம்) நெதர்லாந்தில் பீட்டர் பார்த் என்ற குழந்தை நரம்பியல் டாக்டர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாக ஆண் குழந்தைகள் மட்டும் சின்ன வயதிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு இதயம் பலூன் மாதிரி வீங்கிப் பலவீனமாகி. சிலருக்குச் சாதாரண கிருமித் தொற்றையே தாங்க முடியாமல். வெள்ளையணுக்களில் ஒரு முக்கிய வகை அவர்களுக்குக் குறைவு. கைகால் தசையிலும் பலம் கிடையாது. பெண் குழந்தைகளோ நன்றாக இருந்தார்கள்.

காரணம், கோளாறு எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான், டூப்ளிகேட் காப்பி கிடையாது. ஜீனைச் சுமக்கிற அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பெறும் ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி ஆபத்து. 'எங்க வீட்ல தாய்மாமனுங்க தங்கறதில்லே' என்று ஒரு பாட்டி சொன்னால், அது புலம்பல் மட்டும் இல்லை. டாக்டரின் குறிப்பில் முதல் வரியாக எழுத வேண்டிய தகவல்.

1996-ல் இத்தாலிய விஞ்ஞானிகளின் குழு அந்த ஜீனைக் கண்டுபிடித்தது. பேர் வைக்க வேண்டுமே... அந்தச் சமயம் இத்தாலி டி.வி.யில் கால்பந்தாட்டத்தைக் கேலி செய்யும் நிகழ்ச்சி ஒன்றில் டஃபாஸி என்று ஒரு காமெடி பாத்திரம் பிரபலம். அவருடைய மொத்த காமெடியும் இதுதான்: பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, ஆண்பிள்ளை எங்கே அடிபடக் கூடாதோ அங்கே தன்னைத்தானே அடித்துக்கொள்வார். சத்தியமாக! அந்த மகானின் நினைவாக அந்தப் புரதத்துக்கு 'டஃபாஸின்' என்று பேர் வைத்தார்கள். உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது. நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் இன்றைக்கு 'வடிவேலின்' என்று ஒரு புரதம் இருந்திருக்கும்.

டஃபாஸினின் வேலை கார்டியோலிபினுக்குக் கால் மாட்டுவது. இதயத்துக்குப் பிடித்தமான கால் லினோலிக் அமிலம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்ற விதை எண்ணெய்களிலிருந்து நமக்குக் கிடைப்பது. நாலு காலும் லினோலிக்காக இருப்பதையே இதயம் கேட்கிறது. டஃபாஸின் இல்லாவிட்டால் கால் சரியாக மாட்டாது. மூன்று கால் கார்டியோலிபின் குவியும். மூன்று கால் நாற்காலியில் உட்கார்ந்து அணை கட்ட முடியுமா? மடிப்பு குலைகிறது, டர்பைன் தடுமாறுகிறது, பச்சைக் குழந்தையின் இதயம் களைத்துப் போகிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் மூன்று காலுக்கும் நாலு காலுக்கும் விகிதம் பார்த்தே இந்த நோயைச் சொல்லிவிட முடியும். பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

(இதைப் படித்துவிட்டு நல்லெண்ணெய் டின்னைத் தூக்க வேண்டாம். எண்ணெய் இருக்கிறது, மாட்டுகிற மெக்கானிக்தான் இல்லை. ஊற்றி என்ன பயன்?)

மருந்து? வலி நிவாரணி ஆராய்ச்சியில் இருந்த ஹேஸல் செட்டோ, பீட்டர் ஷில்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கையில் தற்செயலாக ஒரு சின்ன பெப்டைட் அகப்பட்டது. அது நேரே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் கார்டியோலிபினைக் கட்டிக்கொண்டு தாங்கிப் பிடிக்கிறது. எலாமிப்ரடைட் என்று பெயர். பார்த் நோயாளிகள் 12 பேரிடம் சோதித்தார்கள். அபூர்வ நோய், கூட்டம் சேர்க்க ஆள் கிடையாது. மருந்தா வெறும் ஊசியா என்று தெரியாமல் போட்ட முதல் கட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லை. விடாமல் தொடர்ந்தவர்களுக்குத் தசை பலம் கூடியது, நடை கூடியது. 'போதாது', 'இன்னும் ஆதாரம் கொண்டு வா' என்று இழுத்தடித்து, 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை துரித அனுமதி கொடுத்தது. 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு மட்டும்.

முப்பது கிலோ! இந்த நோய் அதிகம் பறிப்பது கைக்குழந்தைகளை. அவர்கள் முப்பது கிலோ ஆகிற வரை நோய் காத்திருக்குமா என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'சின்னக் குழந்தைகளுக்கு ஆதாரம் எங்கே' என்று அதிகாரிகள் கேட்பதும் அவர்கள் கணக்கில் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தும் டேலி ஆகாத கணக்கு இது.

*

இன்னொரு வேலையும் கார்டியோலிபினுக்கு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டால் கார்டியோலிபின் உள் சவ்விலிருந்து வெளிச்சவ்வுக்கு வந்து நின்றுவிடும். மாநகராட்சி ஒட்டுகிற 'இடிக்கப்பட வேண்டிய கட்டடம்' நோட்டீஸ் மாதிரி. அதைப் பார்த்ததும் செல்லின் துப்புரவுப் படை வந்து அந்த மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் அப்புறப்படுத்தும். நரம்புச் செல்களில் இது நடப்பதை 2013-ல் பிட்ஸ்பர்க் விஞ்ஞானிகள் காட்டினார்கள். தான் கட்டின அணை உடைந்தால் தானே முன்னால் வந்து நின்று சொல்லிவிடுகிறது. நம்மூர் கான்ட்ராக்டர்கள் கவனிக்க.

கடைசியாக, மெடிக்கலுக்குப் போகும் தம்பிமார்களுக்கும், மனைவியை முதல் செக்கப்புக்கு அழைத்துப் போகும் புது மாப்பிள்ளைகளுக்கும் இரண்டே வார்த்தை. வி.டி.ஆர்.எல். டெஸ்ட் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் இருந்து தெரியாமல் போனால் குழந்தைக்கு ஆபத்து. தெரிந்துவிட்டால் பென்சிலின் ஊசியில் குணம். அதனால் டெஸ்ட் அவசியம். ஆனால் 'ரியாக்டிவ்' என்று வந்தால் அது தீர்ப்பு இல்லை, வெறும் எஃப்.ஐ.ஆர். வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: 'டி.பி.ஹெச்.ஏ. எடுத்தாச்சா சார்?'

கேட்டால், 'நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா?' என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். பி.காம்.தான் சார் என்று சொல்லுங்கள். வவுச்சர் இல்லாமல் எந்த என்ட்ரியையும் பாஸ் பண்ணக் கூடாது என்பதுதான் நாங்கள் படித்த முதல் பாடம்.